பதினொரு மணிக்குத் திறந்திருந்த கண்கள்

ராஜேந்திரன் தன்னுடைய ஐம்பத்தாறு வருட வாழ்க்கையில், சொன்ன பேச்சைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது ஒரே ஒரு தடவைதான். அப்போது அவர் இறந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

2002 மார்ச் பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு, வாயில் பல்பொடியோடு குழாயடியில் சரிந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினொரு மணிக்கு, பெங்களூரில் அவர்கள் குடியிருந்த நீலசந்திரா பேட்டையின் வழக்கப்படி அவரைக் குளிப்பாட்டி, வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்பை நாற்காலியோடு சேர்த்து வேட்டியால் கட்டி, தாடையைத் துணியால் தூக்கிக் கட்டி, நெற்றியில் காசு ஒட்டி, பக்கத்தில் மனைவி வள்ளியம்மாவை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார்கள். புருஷனும் பெண்சாதியுமாக அவர்களுக்கு இருந்த போட்டோ அது ஒன்றுதான். கல்யாணத்தில் எடுத்த ஒன்று முன்பு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, அதில் மாப்பிள்ளை முழுசாகக் கரைந்துபோனார். பெண்ணின் வளையல் போட்ட கை மட்டும் மிச்சம்.

போட்டோ எடுத்தவன் அதே தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்த பெர்னார்ட். செத்தவர்களுக்குக் கண் திறந்துவிடுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனுடைய அப்பா காலத்தில் மெல்லிய பிரஷ்ஷில் மை தொட்டுத் திறப்பார். செத்தவர் கரண்ட் அடித்து எழுந்தது போல இருக்கும். பெர்னார்ட் 1999-ல் கம்ப்யூட்டர் வாங்கினான். வாங்கிய அன்றே சோதனைக்குப் பிடித்து உட்கார வைத்தது தன் மச்சான் ஓஸ்வால்டை. ஓஸ்வால்டுக்கு வேலை வெட்டி எதுவும் இல்லை. ஆனால் அரைமணி நேரம் இமைக்காமல் உட்காருவான். அந்த இரண்டு கண்களையும் பெர்னார்ட் வெட்டிக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டான். அன்று முதல் நீலசந்திராவில் யார் செத்தாலும் ஓஸ்வால்டின் கண்களோடுதான் சுவரில் ஏறினார்கள். ஆண், பெண், ஆறு குழந்தை பெற்றவள், பிரம்மச்சாரி என்ற பேதமே கிடையாது. ஓஸ்வால்டுக்கு, எதிரே வருகிறவனிடம் பீடி இருக்குமா என்று பார்க்கிற கண். ஆகவே அந்தப் பேட்டையில் எந்த வீட்டுக்குள் போனாலும், மாலை போட்ட படத்திலிருந்து யாராவது ஒருவர் நம் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லாருக்கும் பழகிவிட்டது.

ராஜேந்திரனுக்கும் கண் திறந்தது. நெற்றிக் காசு போயிற்று, தாடைத் துணி போயிற்று, முதுகுக்குப் பின்னால் ஓர் ஏரியும் இரண்டு வாத்துகளும் வந்தன. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் பெர்னார்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. நேர்மை. எடுத்த தேதியையும் நேரத்தையும் படத்தின் முதுகில் ரப்பர் ஸ்டாம்ப் வைத்து எழுதிவிடுவான். 12-3-2002, காலை 11.00.

அந்த ஸ்டாம்ப்தான் வள்ளியம்மாவின் தலையில் விழுந்தது.

ராஜேந்திரன் வேலை பார்த்தது நகர வீதிவிளக்குப் பராமரிப்புக் கழகத்தில். பதவி, ஏணி உதவியாளர், இரண்டாம் நிலை. ஒருவர் ஏறி பல்ப் மாட்டும்போது கீழே ஏணியைப் பிடிக்க வேண்டும். முப்பத்தொரு வருடம் பிடித்தார். பீடி குடிக்கப் போகும்போதெல்லாம், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு அந்தப் பக்கமாக வரும் வள்ளியம்மாவை நிறுத்தி, "செத்த இதப் புடி" என்று கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே அந்த வேலையில் அவளுக்கும் சுமார் நாலு வருட அனுபவம் இருந்தது. பிள்ளை குட்டி இல்லை. பணியில் இருக்கும்போதே செத்தவரின் மனைவிக்குக் கருணையின் பேரில் கொடுக்கிற வேலையை பெங்களூரில் அனுகம்பா வேலை என்பார்கள். அதற்குத்தான் அவள் கழகத்தின் படி ஏறினாள்.

சூப்பிரண்டென்ட் கிருஷ்ணப்பா நல்ல மனுஷர். கன்னடக்காரர், ஆனால் வள்ளியம்மாவிடம் தமிழிலேயே பேசினார்.

"உங்க யஜமான்ரு சர்வீஸ்ல இருக்கிறப்பவே போயிட்டாரு. அனுகம்பா உங்களுக்குத்தான், சந்தேகமே இல்ல. ஒரு வருஷத்துக்குள்ள ஃபைலு முடியணும், அஷ்டே, அவ்வளவுதான். அது தாண்டினா பிரம்மனே அர்ஜி போட்டாலும் ஆகாது. ஜாயின்ட் போட்டோ கொண்டாங்க."

"இன்னா போட்டோ சார்?"

"நீங்களும் அவரும் சேர்ந்து நிக்கிற போட்டோ. நீங்கதான் அவரு ஹெண்டத்தின்னு நமக்கு எப்படித் தெரியும்?"

வள்ளியம்மா முந்தானைக்குள்ளிருந்து படத்தை எடுத்து நீட்டினாள். கிருஷ்ணப்பா பார்த்தார். ராஜேந்திரனும் கிருஷ்ணப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தார்.

"சென்னாகிதெ" என்றார் கிருஷ்ணப்பா. "வாத்துகூட நல்லா இருக்கு. மேலே மெய்ம்மைப் பிரிவுக்கு அனுப்பறேன். அவங்க சரின்னு ஒரு சீல் வெச்சா முடிஞ்சது."

புகைப்பட மெய்ம்மை ஆய்வுப் பிரிவு பிறந்த கதை இது. கழகம் வருடா வருடம் காலண்டர் அச்சடிக்கும். 2001-ம் வருடத்துக் காலண்டரில் ஒரு நீண்ட சாலை, அதன் இரண்டு பக்கமும் நாற்பது விளக்குகள், நாற்பதும் எரிந்துகொண்டிருந்தன. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பத்திரிகைக்கு ஒருவர் கடிதமே எழுதினார்: அந்தச் சாலையில் தான் பதினேழு வருடமாகக் குடியிருப்பதாகவும், அங்கே எரிவது மூன்று என்றும், மீதி முப்பத்தேழு கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டவை என்றும். கழகம் அதிர்ந்துபோனது. உடனே விசாரணைக் குழு போட்டார்கள். குழு எட்டு மாதம் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் வந்தபிறகு எந்தப் போட்டோவையும் நம்ப முடியாத காலம் வந்துவிட்டது என்று கண்டுபிடித்தது. விளக்குகளைப் பற்றி விசாரிக்கும்படி அதற்கு உத்தரவு இல்லை. ஆக, 2002 ஜனவரியில் பதினோரு பேரோடு மெய்ம்மைப் பிரிவு உதயமாயிற்று. முப்பத்தேழு விளக்குகளும் இருந்தபடியே இருந்தன.

பிரிவுக்கு ஒரு கம்ப்யூட்டரும் கொடுத்திருந்தார்கள். பூசணிக்காய் உடைத்து, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி போர்த்தியிருந்தது. அதை யாரும் போட்டதில்லை. போட்டால் அதற்குள் படங்கள் போகும், போனால் மாறும், மாறினால் பிரிவின் பெயர் கெடும் என்பது கொள்கை. சோதனை எல்லாம் கையால்தான். முதல் நிலை, பார்வை. இரண்டாம் நிலை, எச்சில் தொட்ட கட்டை விரலால் தேய்த்துப் பார்ப்பது. மூன்றாம் நிலை, முகர்ந்து பார்ப்பது. மூன்று நிலைக்கும் மூன்று ஆட்கள். மற்ற எட்டுப் பேர் அந்த மூன்று பேரின் ஒப்பம் உண்மைதானா என்று சரிபார்ப்பார்கள்.

இவர்களுக்கெல்லாம் தலைவர் இணை இயக்குநர் ஸ்ரீகண்டன். பெங்களூரில் பெரிய உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் மல்லேஸ்வரத்துக்காரர். மூன்று தலைமுறையாக அரசாங்க உத்தியோகம். அவருடைய தாத்தா மைசூர் திவானின் மேஜைக்கு மை ஊற்றியவர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இவர் அந்த மையைத் தொட்டுக் கையெழுத்து போடும் அளவுக்கு வளர்ந்திருந்தார்.

மே மாதத்தில் வள்ளியம்மாவுக்கு அழைப்பு வந்தது. அவள் பதினோரு பேர் முன்னால் நின்றாள். ஸ்ரீகண்டன் படத்தைத் திருப்பி முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் ஆத்துக்காரர் எத்தனை மணிக்குக் காலமானார்?"

"காலைல ஆறு மணிக்கு சார். பல் வெளக்கினுருந்தாரு."

"டெத் சர்ட்டிஃபிகேட்டும் அப்படித்தான் சொல்றது. இந்தப் போட்டோ எத்தனை மணிக்கு எடுத்தது?"

"பதினோரு மணி இருக்கும்."

ஸ்ரீகண்டன் பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தார். பெரிய விஷயம் சொல்லப்போகிறார் என்று தெரிந்து, அவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

"ஆறு மணிக்குச் செத்தவர் பதினோரு மணிக்குக் கண்ணைத் திறந்துண்டு பார்க்கறார். ஒண்ணு, சர்ட்டிஃபிகேட் பொய். இல்லைன்னா கண் பொய். எது?"

"கண்ணுதான் சார். பெர்னார்டு தொறந்துவுட்டான். எங்க பேட்டைல எல்லாருக்கும் அவன்தான் தொறப்பான்."

குற்றத்தை இவ்வளவு சுளுவாக ஒப்புக்கொள்கிற ஆளைப் பிரிவு அதுவரை பார்த்ததில்லை. முகர்ந்து பார்க்கும் ஊழியர் படத்தை மறுபடி ஒருமுறை முகர்ந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

"இங்க பாரும்மா" என்றார் ஸ்ரீகண்டன். "போட்டோங்கறது சாட்சி. சாட்சியோட கண்ணை மாத்தறது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா? இன்னிக்குக் கண்ணைத் திறப்பே. நாளைக்கு வாயைத் திறப்பே. இப்படியே விட்டா, செத்தவாள்லாம் போட்டோவுல எழுந்து வந்து இங்க்ரிமென்ட் கேப்பா. அப்புறம் அரசாங்கம் எதை நம்பறது? ஒரிஜினலைக் கொண்டு வா. நெகட்டிவையும் கொண்டு வா."

"வாத்து?" என்று கேட்டார் கிருஷ்ணப்பா, குறிப்பெழுதியபடி.

"வாத்து ரெண்டும் இருக்கட்டும். அதுகளைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்லை."

வள்ளியம்மா ஜூனில் ஒரிஜினலைக் கொண்டுபோனாள். காசு, துணி, மூக்கில் பஞ்சு, மூடிய கண்கள், எல்லாம் உள்ளது உள்ளபடி. மூன்று நிலையிலும் படம் தேறியது. முகர்ந்தவர் கண்கலங்கி, அந்தப் படத்தில் ஊதுபத்தி வாசனைகூட அப்படியே இருக்கிறது என்றார். சீல் வைக்கிற நேரத்தில் ஒருவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஜாயின்ட் போட்டோ, விதி ஏழு, பிரிவு ஆ: இருவரின் இரு கண்களும் திறந்திருத்தல் வேண்டும்.

"கண்ணு மூடியிருக்கே" என்றார் ஸ்ரீகண்டன்.

"செத்தவருக்கு மூடாம இன்னா சார் பண்ணும்?"

"அதுல இன்னொரு சிக்கலும் இருக்கு" என்றார் அவர், தனக்கே அப்போதுதான் பிடிபட்டது போல மெல்ல. "கல்யாணம்கறது ஆயுசு இருக்கற வரைக்கும்தான். ஆறு மணியோட அது முடிஞ்சுபோச்சு. பதினோரு மணிக்கு நீ யார் பக்கத்துல நிக்கறே? புருஷன் பக்கத்துல இல்லை. ஒரு பாடி பக்கத்துல. இது நூத்துக்கு நூறு உண்மையான போட்டோ. உண்மையா இருக்கறதாலதான் நிக்க மாட்டேங்கறது. இதுல தம்பதியே இல்லை."

பதினோரு பேனாக்களும் எழுதின. ஒருவர், "அற்புதம் சார்" என்று முணுமுணுத்தார்.

வள்ளியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பாத்திரம் தேய்க்கிற மூன்று வீட்டிலும் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. எதற்கும் ஒரு வழி சொல்லுவாள் என்று.

"தொறந்தா பொய்யின்றீங்க. மூடினா ஆவாதுன்றீங்க. பாதி தொறந்து கொண்டாரட்டுமா சார்?"

அவள் வயிற்றெரிச்சலில் சொன்னாள். ஸ்ரீகண்டன் அதை ஆலோசனையாக எடுத்துக்கொண்டார். பாதி திறந்த கண்ணை விதி ஏழின்படி திறந்ததாகக் கொள்வதா, மூடியதாகக் கொள்வதா என்று சட்டப் பிரிவின் கருத்துக்குக் கோப்பு போனது. கூடவே ஒரிஜினலும் நெகட்டிவும் இரும்பு பீரோவுக்குள் போயின. உண்மைக்கு ஒரு பிரதிதான் இருக்கலாம், அதுவும் அரசாங்கத்திடம்தான் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கொள்கை.

சட்டப் பிரிவு ஜூலையில், பாதி என்றால் மேலிருந்து பாதியா கீழிருந்து பாதியா என்று கேட்டது. செப்டம்பரில், இமை மேலிருந்துதான் இறங்கும் என்று கண் ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதினார்கள். நவம்பரில் சட்டப் பிரிவு, எந்த மிருகத்துக்கு என்று குறிப்பிடவில்லை எனக் கோப்பைத் திருப்பியது. வள்ளியம்மா மாதம் இரண்டு தடவை வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கிருஷ்ணப்பா ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொன்னார்: "நடந்துகிட்டே இருக்கம்மா. ஃபைலு நிக்கவேயில்ல."

2003 ஜனவரியில் பிரிவுக்கு முதல் ஆண்டு விழா. ஆண்டறிக்கைக்கு ஒரு போட்டோ வேண்டும். பயனாளி ஒருவருக்கு இணை இயக்குநர் உத்தரவு வழங்குவது போல. பிரிவு ஒரு வருடத்தில் யாருக்கும் எதையும் சரி என்று சொல்லியிருக்கவில்லை. ஆகவே பயனாளி இல்லை. கிருஷ்ணப்பா பெஞ்சைப் பார்த்தார்.

"வள்ளியம்மா, நல்ல புடவை இருக்கா?"

அவள் புரிந்துகொண்டது வேறு. பக்கத்து வீட்டு விஜியிடம் பட்டுப்புடவை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தலைநிறைய மல்லிகை வைக்கக் கூடாதே என்று கையில் இரண்டு முழம் வைத்துக்கொண்டு வந்தாள். வேலை கிடைத்ததும் கழகத்து வாசல் பிள்ளையாருக்குப் போடலாம் என்று. போட்டோ எடுக்க வந்தவன் பெர்னார்ட். கோப்பில் இருந்த ஸ்டாம்பில் அவன் போன் நம்பரும் இருந்ததால் கிருஷ்ணப்பா அவனையே கூப்பிட்டிருந்தார்.

ஸ்ரீகண்டன் கவரை நீட்டினார். வள்ளியம்மா இரண்டு கையாலும் வாங்கினாள். பதினெட்டு தடவை நீட்டினார், பதினெட்டு தடவை வாங்கினாள். அழுது வந்தவர்கள் எதிரில் ஒரு வருடமாக இமைக்காத மனிதர், ஃப்ளாஷ் அடிக்கும்போது மட்டும் இமைத்தார். பதினெட்டிலும்.

விழா முடிந்து, வராந்தாவில் வந்து வள்ளியம்மா கவரைப் பிரித்தாள். உள்ளே, விழாவுக்கு வந்தவர்களுக்கான சிற்றுண்டிப் பட்டியல் இருந்தது. கேசரி பாத், உப்பிட்டு, காபி.

"அது மாதிரிக்குக் குடுத்ததும்மா" என்றார் கிருஷ்ணப்பா. "கவரு வெறுமையா இருந்தா போட்டோவுல தொங்கும். சாஹேப்ரு எல்லாம் அசலா இருக்கணும்பாரு." பிறகு, மனசு கேளாமல், "கேசரி பாத் மிச்சம் இருக்கு, சாப்பிட்டுப் போங்க" என்றார்.

நாலு நாள் கழித்து பெர்னார்ட் பதினெட்டுப் பிரிண்டுகளோடு வந்தான். பெஞ்சில் இருந்த வள்ளியம்மாவையும் அவன்தான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். ஸ்ரீகண்டன் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் தான் நின்றபடியே தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"கண்ணைத் திறந்து குடுத்துடு" என்றார்.

பெர்னார்ட் தலையைச் சொறிந்தான். "சார், ராஜேந்திரன் அண்ணனுக்குச் செஞ்ச மாதிரியா?"

"அது மாற்றம். இது திருத்தம்" என்றார் ஸ்ரீகண்டன். "வித்தியாசம் புரியறதோ? எனக்குக் கண் திறந்திருக்கும்கறது ஊரறிஞ்ச விஷயம். விழாவுல எல்லாரும் பார்த்தா. உன் கேமரா தப்பான நொடியில பார்த்துடுத்து. பொய் சொன்னது போட்டோ, நான் இல்லை. அதைத் திருத்தினா உண்மை திரும்பி வரது. மாத்தினாத்தானே குத்தம்?"

"எங்க வூட்டுக்காரருக்கும் கண்ணு தொறந்துதான் சார் இருந்துது" என்றாள் வள்ளியம்மா. "அம்பத்தாறு வருசம். நானே இருபத்தெட்டு வருசம் பாத்துருக்கேன்."

கிருஷ்ணப்பா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். ஸ்ரீகண்டன் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"இருந்திருக்கலாம். ஆனா நீ கெஜட்டட் ஆபீசர் இல்லையேம்மா. நீ பார்த்ததை யார் அட்டெஸ்ட் பண்றது?"

பெர்னார்ட் ஸ்டூடியோவுக்குப் போனான். அவனிடம் இருந்தது ஒரே ஜோடி. வஞ்சகம் எதுவும் இல்லை. மல்லேஸ்வரத்துக்குத் தனியாக அவனிடம் கண் கிடையாது.

படம் ஆண்டறிக்கையில் வந்தது. பெரிதாக்கிக் கூடத்திலும் மாட்டினார்கள். எல்லாரும் புகழ்ந்தார்கள். ஸ்ரீகண்டனின் மனைவி ருக்கு மட்டும் விழாப் படத்தைப் பார்க்க வந்தவள் வெகுநேரம் நின்றுவிட்டு, "கல்யாணமாகி முப்பது வருஷத்துல, உங்க கண்ணுல யார்கிட்டயாவது ஏதாவது வேணும்கற பார்வையை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாள். ஸ்ரீகண்டன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மகிழ்ச்சியில் ஒரு சுற்றறிக்கையும் விட்டார். இனி சந்தேகத்துக்குரிய எல்லாப் படங்களையும் கூடத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுத் தீர்மானிக்க வேண்டும். அதுவே பிரிவின் மாதிரி உண்மைப் படம்.

பிப்ரவரி கடைசியில், நாள் நெருங்குகிறதே என்று கிருஷ்ணப்பா தேங்கிய கோப்புகளைத் தூசி தட்டி எடுத்துக் கூடத்துக்குக் கொண்டுபோனார். வள்ளியம்மாவின் முதல் படத்தை, ஏரியும் வாத்தும் உள்ளதை, மாதிரிப் படத்துக்குக் கீழே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். லென்ஸ் வாங்கி வரச் சொன்னார். கருவிழி, இமை முடி, வெள்ளையில் ஓடும் சிவப்பு நரம்பு வரைக்கும் பொருந்தியது.

"சார்" என்று ஸ்ரீகண்டன் அறைக்கு ஓடினார். "நூத்துக்கு நூறு டாலி ஆகுது."

ஸ்ரீகண்டன் வந்து பார்த்தார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் ஏணி உதவியாளர் இரண்டாம் நிலை. இரண்டு பேரும் அவருடைய சட்டைப் பையைப் பார்த்தார்கள். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெரிய படம் பொய் என்றால் பிரிவே பொய். பெரிய படம் மெய் என்றால் இந்தக் கண்களும் மெய். பின்னால் பதினோரு பேர் நின்றார்கள்.

"மெய்தான்" என்றார் கடைசியில். சீலைத் தானே வாங்கி வைத்தார்.

கிருஷ்ணப்பா அன்றைக்கே நீலசந்திராவுக்குச் சொல்லி அனுப்பினார். வள்ளியம்மா மல்லிகையோடு ஓடி வந்தாள். ஸ்ரீகண்டன் அவளை உட்காரச் சொன்னார். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"உன் போட்டோ உண்மைன்னு நிரூபணம் ஆயிடுத்தும்மா. சந்தோஷம்தானே?"

"நல்லா இருப்பீங்க சார்."

"போட்டோ உண்மைன்னா கண் உண்மை. கண் உண்மைன்னா பன்னிரண்டாம் தேதி பதினோரு மணிக்கு ராஜேந்திரன் முழிச்சுண்டு இருந்திருக்கார், ஏரிக்கரையில. அப்போ ஆறு மணிக்குச் செத்தார்ங்கற சர்ட்டிஃபிகேட்தான் பொய். அவர் சாகலை. சாகாதவர் இடம் எப்படிக் காலியாகும்? காலியாகாத இடத்துக்கு நான் எப்படி உன்னைப் போடறது?" குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. பதினோரு மாசமா டியூட்டிக்கு வரலை. லீவ் லெட்டர்கூட இல்லை."

மறுநாள் நோட்டீஸ் வந்தது. பெறுநர்: திரு. ராஜேந்திரன். அனுமதியின்றிப் பணிக்கு வராத காரணத்தைப் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டும், தவறினால் பணி நீக்கம். பணி நீக்கம் செய்யப்பட்டவரின் குடும்பத்துக்கு அனுகம்பா கிடையாது என்று அடியில் கிருஷ்ணப்பா தன் கையால் எழுதியிருந்தார், நல்லெண்ணத்தில்.

மார்ச் பத்தாம் தேதி வள்ளியம்மா, அதே போட்டோவிலிருந்து ராஜேந்திரனை மட்டும் ஏரியோடும் வாத்துகளோடும் பெரிதாக்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, புடவையில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். விசாரணை அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ராஜேந்திரனை நிறுத்தினாள்.

"மண்ணுக்குள்ள இருக்கறவர நீங்க நம்பல. சர்ட்டிபிகேட்ட நம்பல. நீங்க நம்புன ஆளு இவருதான். நேர்ல வந்துருக்காரு. கேளுங்க."

பதினோரு பேரும் ஸ்ரீகண்டனைப் பார்த்தார்கள். இந்தப் படத்தை வெறும் படம் என்று சொல்லிவிட்டால் வைத்த சீல் என்ன ஆவது? ஸ்ரீகண்டன் தொண்டையைச் செருமினார்.

"கேளுங்கோ கிருஷ்ணப்பா."

கிருஷ்ணப்பா எழுந்து நின்று, நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு, படத்தைப் பார்த்துக் கேட்டார். மார்ச் பன்னிரண்டு முதல் ஏன் வரவில்லை? ராஜேந்திரன் பேசவில்லை. மேலதிகாரிக்குத் தகவல் கொடுத்தாரா? பேசவில்லை. ஏணி யாருடைய பொறுப்பில் இருக்கிறது? பேசவில்லை.

"உசுரோட இருந்தப்பவும் ஆபீசருங்க கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு" என்றாள் வள்ளியம்மா.

"குறுக்கிடக் கூடாது" என்றார் ஸ்ரீகண்டன்.

ஒன்றே கால் மணி நேரம் விசாரித்தார்கள். இடையில் காபி வந்தது; கடைநிலை ஊழியர் பழக்கதோஷத்தில் நாற்காலி முன்னாலும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனார். அன்றைய வருகைப் பதிவேட்டில் ராஜேந்திரனுக்கு ஆஜர் போட்டார்கள். பதினொரு மாதம் இருபத்தேழு நாளில் அந்த ஒரு நாள்தான்.

உத்தரவு மறுநாளே, மார்ச் பதினொன்றாம் தேதி வந்துவிட்டது. கழகத்தின் வரலாற்றில் இவ்வளவு சீக்கிரமாக எந்த உத்தரவும் வந்ததில்லை. மூன்று குற்றங்கள் நிரூபிக்கப்பட்டிருந்தன. ஒன்று, அனுமதியின்றிப் பணிக்கு வராதது. இரண்டு, அலுவலகத்துக்குள் இரண்டு வாத்துகளைக் கொண்டு வந்தது. மூன்று, விசாரணை முடியும்வரை இணை இயக்குநரைக் கண் இமைக்காமல் முறைத்தது. மூன்றாவது குற்றத்துக்காக அவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார். இத்துடன் வள்ளியம்மாவின் மனு முடிக்கப்படுகிறது.

வள்ளியம்மா மறுநாள் வழக்கம்போல மூன்று வீட்டிலும் பாத்திரம் தேய்த்தாள். மத்தியானம் படத்தை எடுத்துக்கொண்டு பெர்னார்டின் ஸ்டூடியோவுக்குப் போனாள். வாசல் ஸ்டூலில் ஓஸ்வால்ட் உட்கார்ந்து அவளுடைய கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"கண்ண மூடிடு பெர்னார்டு. இன்னியோட ஒரு வருசம் ஆவுது. முழிச்சினு இருந்தது போதும்."

பெர்னார்ட் உதட்டைப் பிதுக்கினான். "மூடின ஒரிஜினலு ஆபீசு பீரோவுல மாட்டிக்கிச்சேக்கா. நெகட்டிவும் அங்கதான். கம்ப்யூட்டர்ல அது மேலயே வேலை செஞ்சிட்டேன், பழசு நிக்கல. என்கிட்ட தொறந்த கண்ணுதான் இருக்கு, மூடின..."

சட்டென்று நிறுத்தினான். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினான். திரையில் வரிசையாக வந்தன. பதினெட்டு ஜோடி. பெரிய உத்தியோகத்தில் இருந்து, நன்றாகச் சாப்பிட்டு, எதைப் பற்றியும் கவலையில்லாத இமைகள்.

"எது வேணும்னு பார்த்துச் சொல்லுக்கா."

வள்ளியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவசரப்படாமல், காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்து, பதினான்காவதை எடுத்தாள்.

இப்போது நீலசந்திராவில் மாலை போட்ட படங்களுக்குள் ராஜேந்திரன் ஒருவர்தான் நிம்மதியாகத் தூங்குகிறார். கெஜட்டட் ஆபீசரின் தூக்கம். யார் கூப்பிட்டாலும் கலையாது. கழகத்தின் கூடத்தில் இணை இயக்குநர், கையில் சிற்றுண்டிப் பட்டியலை நீட்டியபடி, ராத்திரி பகல் இமைக்காமல் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவர் சட்டைப் பையையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதுவரைக்கும் ஒருத்தரும் அவருக்கு ஒரு பீடி கொடுத்ததாகத் தெரியவில்லை.